இரண்டு செக்கன் வெளிச்சம்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு, சனசமூக நிலையத்தின் கதவை உள்ளுக்குள்ளால் கொண்டி போட்டுவிட்டு, கனகலிங்கம் கொக்கு மீனுக்கு நிற்பதுபோல மேசைக்கு முன்னால் நின்றார். இடது கையில் கைத்தொலைபேசி. வலது கைச் சுட்டுவிரல் மொனிற்றரின் பொத்தானில். மூச்சை இழுத்து நெஞ்சுக்குள் அடக்கினார், பொத்தானை அமத்தினார். திரை பளீரென்று விழித்தது. காலஞ்சென்ற இராசமலர் மயில்நீலச் சேலையில், வாய் திறக்காமல் சிரித்தார். கிளிக். திரை இருண்டது. எல்லாமாக இரண்டே இரண்டு செக்கன்.

படம் திறமாக வந்திருந்தது. போன கிழமை விரல் பிந்திப் பிந்தி எட்டுத்தரம் எடுக்கவேண்டி வந்தது. இந்த முறை முதல் தரமே சரி. பாய்கிற சிறுத்தையைப் படமெடுக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்களாம். அவர்கள் கண்டாவளைக்கு வந்து கனகலிங்கத்திடம் ஒரு மாதம் நின்று படிக்கலாம். பதினொரு மாதமாக, ஒரு ஞாயிறும் விடாமல், இருட்டுக்கும் இருட்டுக்கும் நடுவில் ஒரு சிரிப்பைப் பிடித்து சூரிச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர். படத்துக்குக் கீழே வழக்கமான வரியை எழுதினார்: “அம்மா சுகமாக இருக்கிறா.”

இராசமலரின் ஒரே மகன் செந்தூரன் சூரிச்சில் பஸ் ஓட்டுகிறான். கனகலிங்கம் ஊரில் அதைச் சொன்னபோது பஸ் ரயிலானது. போன வருடம் அது விமானமானது. ஓய்வுபெற்ற உப தபாலதிபரும் நிலையத் தலைவருமான அவருக்கு ஒன்றை உள்ள அளவில் சொல்லிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. நாலு துளி மழை விழுந்தால் குளம் உடைக்கப் பார்த்தது என்பார். அவர் இளம் வயதில் வாய்க்காலில் கண்ட முதலை, கண்ட அன்றைக்கு ஆறடி. சொல்லச் சொல்லத் தீனி போட்டதுபோல வளர்ந்து இப்போது இருபத்திரண்டடியில் நிற்கிறது. ஊர் அதைக் கேட்டுச் சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார், ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை. இந்த மொனிற்றர் விஷயம் மட்டும்தான் தொண்டையில் முள்ளாக நின்றது.

தாய் இறந்தபோது செந்தூரனால் வர முடியவில்லை. அந்தத் துக்கத்தில் ஒரே மாதிரியான இரண்டு கணினிகளை வாங்கி, ஒன்றைத் தாயின் ஊரான இங்கேயும், மற்றதை முன்னமே காலஞ்சென்ற தகப்பனின் ஊரான பூவரசங்குளத்துக்கும் அன்பளிப்புச் செய்தான். இங்கேயுள்ளதைத் திறந்தால் தாயின் முகம், அங்கேயுள்ளதைத் திறந்தால் தகப்பனின் முகம். மொனிற்றரின் கறுப்புச் சட்டத்தைச் சுற்றி, சிவப்பு எனாமலில், பெயர்ப்பலகை எழுதுகிறவர் ஒருவர் ‘அமரர் இராசமலர் நினைவாக’ என்று தொடங்கி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று நாலு பக்கமும் எழுதிக்கொண்டு வந்து புறப்பட்ட இடத்திலேயே முட்டி நின்றார். கடையில் வேறு மொனிற்றர் வாங்கி வைத்துச் சமாளிக்கலாம் என்ற வழி அந்தச் சிவப்பு எழுத்தோடு அடைபட்டது.

போன கார்த்திகையில் திரை முதன்முதல் கண்ணை மூடியபோது, நாளைக்குத் திருத்திப்போடலாம் என்று நினைத்துத்தான், செந்தூரன் ஞாயிறுதோறும் கேட்கிற படத்தை இந்த வழியில் எடுத்து அனுப்பினார். அடுத்த ஞாயிறும் இன்னொரு ‘நாளைக்கு’ இருந்தது. ஊருக்கு, மின்சாரம் சரிவரும் வரைக்கும் கணினியை ஒருவரும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்தார். மூன்றாம் ஞாயிறு செந்தூரன் தொலைபேசியில் எடுத்துச் சொன்னான்: “அங்கிள், நிலையத்துக்குப் பக்கத்தில அம்மான்ர காணி சும்மாதானே கிடக்கு. ஒரு சாமானை வடிவாப் பாத்துக்கொள்ளத் தெரிஞ்சவைக்குத்தான் காணியைக் குடுக்கலாம். உங்கட படங்களைப் பாத்தாப்பிறகு எனக்கு யோசினை இல்லை. முன்பள்ளிக்கு எழுதித் தாறன்.”

முன்பள்ளி என்றால் கனகலிங்கத்தின் மனைவி பத்மாசனியின் முன்பள்ளி. ஒன்பது வருடமாகப் பழைய பசளைக் களஞ்சியம் ஒன்றுக்குள் முப்பத்தொரு பிள்ளைகள். மழைக்கு வெள்ளம், வெயிலுக்குத் தகரச் சூடு, இரண்டும் இல்லாத நாளில் யூரியா மணம். காணிச் செய்தி கேட்ட அன்றைக்கு பத்மாசனி ஒரு கொப்பித்தாளில் கட்டடம் ஒன்றைக் கீறினார். சன்னல் பன்னிரண்டு. அந்தத் தாளை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். கனகலிங்கம் சேர்ட் எடுக்க அலுமாரியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பன்னிரண்டு சன்னலும் அவரைப் பார்த்தன. பிறகு பிறகு அவர் சேர்ட்டைக் கொடியிலிருந்தே எடுத்துப் போடத் தொடங்கினார்.

படம் போய்ச் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் செந்தூரன் அழைத்தான்.

“அங்கிள், அடுத்த திங்கள் கட்டுநாயக்காவில இறங்கிறன். புதன் உங்களிட்ட, வியாழன் பூவரசங்குளம். காணி எழுதிற நொத்தாரிசோடயும் கதைச்சிட்டன்.”

“வாங்கோ தம்பி, வாங்கோ! ஊரே வாசலில நிக்குது!” என்று வாய் தன்பாட்டில் கத்தியது. வாயைத் தவிர உடம்பில் மற்றதெல்லாம் கதிரையில் சரிந்தது.

அடுத்த நாள் காலை மொனிற்றரைப் போர்வையால் சுற்றி, கணினிப் பெட்டியோடு உரப்பைக்குள் இறக்கி, மோட்டார்சைக்கிளின் பின்னால் கட்டினார். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம், “தேன்பூச்சிப் பெட்டி, கிட்ட வராதேங்கோ!” என்றார். கிளிநொச்சியில் ஜெயந்தனின் திருத்தகம், ஒரு ஆள் இருந்தால் மற்ற ஆள் நிற்கவேண்டிய அளவு. ஜெயந்தனுக்கு முப்பத்தைந்து வயது. ஐந்து வசனத்துக்கு ஒரு வசனம்தான் பேசுவான். பின்மூடியைக் கழற்றி மேசையில் தட்டினான். காய்ந்த செவ்வரத்தம் இதழ்கள் ஒரு சிறங்கை கொட்டின. பிறகு திருநீறு. பிறகு ஒரு துண்டுக் கற்பூரம்.

ஜெயந்தன் மூடியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். “ஐயா, இது மொனிற்றரோ, மூலஸ்தானமோ?”

“செத்த மனுசியின்ர படம் தம்பி. சும்மா விடலாமே? வெள்ளிக்கு வெள்ளி ஒரு மாலை, ஒரு கற்பூரம்...”

“சூடு போற ஓட்டையெல்லாத்தையும் மாலையால அடைச்சு, அதுக்குள்ள சாம்பலும் போட்டு அவிச்சிருக்கிறியள்.”

அவன் கணினியைப் பொருத்தி, பொத்தானை அமத்தி, திரை இருண்டதும் கடையின் விளக்கையும் அணைத்துவிட்டு, ரோச் லைற்றைத் திரையில் சரித்துப் பிடித்தான். கறுப்புக்குள்ளிருந்து, தண்ணீருக்கு அடியில் கிடக்கிற காசுபோல, இராசமலரின் நெற்றிப்பொட்டும் அரைவாசிச் சிரிப்பும் தெரிந்தன. கனகலிங்கம் குனிந்து திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார். இந்தப் பதினொரு மாதமும் திரைக்குள் ஒன்றும் இல்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

“ஆள் உள்ளுக்க நிக்கிறா ஐயா. வெளிச்சம்தான் இல்லை,” என்றான் ஜெயந்தன். பிறகு தன் வழக்கத்துக்கு மாறாக நாலு வசனம் தொடர்ந்து சொன்னான். திரைக்கு அடியில் ஒரு பட்டி. அதில் குன்றிமணியிலும் சின்னதாக நாற்பத்தெட்டு எல்.ஈ.டி. ஒன்றின் கையை ஒன்று பிடித்த மாதிரி வரிசை வரிசையாக நிற்கும். ஒன்று செத்தாலும் அந்த வரிசை போகும். வரிசை போனது தெரிந்தவுடன் மற்றவற்றையும் போர்ட் நிற்பாட்டிவிடும். அதற்கு எடுக்கிற நேரம்தான் அந்த இரண்டு செக்கன்.

“அப்ப புதுப் பட்டி ஒண்டு போடு.”

“இந்த அளவில இஞ்ச இல்லை. சீனாவில இருந்து எடுப்பிச்சால் இருபத்தைஞ்சு நாள்.”

“எனக்கு ஒன்பது நாள்தான் தம்பி!”

ஜெயந்தன் ஒரு தென்னோலை ஈர்க்கைப் பட்டியின் நீளத்துக்கு முறித்து அவர் கையில் கொடுத்தான். “இந்த நீளம். அகலம் சின்னவிரல் நகத்தளவு. பழைய மொனிற்றர் எங்கயாவது கிடந்தால் கழட்டுவம்.”

அதற்குப் பிறகு கனகலிங்கம் அந்த ஈர்க்கோடு அலைந்த அலைச்சலைச் சொன்னால் அவரே மிகைப்படுத்துகிறார் என்பீர்கள். பரந்தனில் ஒரு பழைய இரும்புக் கடையில் மலைபோலக் குவிந்த ரீவிகளுக்கு மேல் ஏறி நின்று அளந்தார். ரீவிப் பட்டி அகலம் கூடியது, குமிழும் கச்சான்கொட்டை அளவு. மாங்குளத்தில் ஒருவர் மடிகணினிப் பட்டி தந்தார், அது குறுகியது. புதுக்குடியிருப்பில் ஒரு தனியார் வகுப்புக்காரர் உடைந்த மொனிற்றர் ஒன்றை எடுத்துவர, ஈர்க்கை வைத்தபோது பெருவிரல் அளவு கட்டை. ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணம் போனார். உப்பளத்தின் வெள்ளை இரண்டு பக்கமும் கண்ணை வெட்டியது. இவ்வளவு வெளிச்சத்தை இப்படிச் சும்மா வெளியில் கொட்டி வைத்திருக்கிறார்களே என்று ஒரு கணம் அவருக்கு ஆத்திரம் வந்தது. யாழ்ப்பாணத்தில் நீளமும் அகலமும் சரியான பட்டி கிடைத்தது. ஜெயந்தன் அதை அளந்து பார்த்து, வோல்ற்றேஜ் இரண்டு மடங்கு என்று திருப்பித் தந்தான். வன்னி முழுக்க, ஒரு ஈர்க்கின் நீளத்துக்குள் அடங்கிப் போயிற்று. அந்த நீளம் மட்டும் எங்கேயும் இல்லை.

வீட்டில் பத்மாசனி அவருடைய சேர்ட் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

“ஏனப்பா ஈர்க்கோட திரியிறியள்?”

“பல்லுக் குத்த.”

“இவ்வளவு நீட்டு ஈர்க்கால குத்திறதெண்டால் அது ஆனைப் பல்லாத்தான் இருக்கோணும்,” என்று சொல்லிவிட்டு அவர் குசினிக்குள் போனார். போகிறபோது ஒருதரம் திரும்பிப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவருடைய பார்வை அது. கனகலிங்கம் அன்றைக்கு இரவு சாப்பாட்டில் ஒரு கதையும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடியத்தான் மண்டையில் உறைத்தது. இரட்டைப் பிள்ளையில் மற்றது பூவரசங்குளத்தில் இருக்கிறதே! ஜெயந்தனையும் இழுத்துக்கொண்டு வவுனியா பஸ் ஏறினார்.

பூவரசங்குளத்தில் மாதர் சங்கத் தலைவி விமலேஸ்வரியின் வீட்டு முற்றத்தில் ஐந்தாறு பெண்கள் வட்டமாக இருந்து, ஒரு புத்தம்புதிய கீபோர்ட்டைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அதற்கு மேல் தேத்தண்ணீர் தெளித்தாள். கனகலிங்கம் தன் வரவை அறிவித்ததும் விமலேஸ்வரி எழும்பி, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்து, அவரை உள்ளே கூட்டிப்போய் அலுமாரியைத் திறந்தார். மொனிற்றர் பொலித்தீன் உறையோடு, வெள்ளை வேட்டி ஒன்று போர்த்தபடி, திருமணச் சேலைக்குப் பக்கத்தில் இருந்தது.

“திறப்புவிழா அண்டைக்கு ஒருக்காப் போட்டது அண்ணை. பிறகு, பிள்ளையள் தொட்டுப் பழுதாக்கிப்போடுங்கள் எண்டு பூட்டி வைச்சனாங்கள். அந்தத் தம்பி படம் கேக்கக் கேக்க, அண்டைக்கு எடுத்த படத்தையே மேலால கீழால வெட்டி அனுப்பினன். இப்ப வாறாராம். வந்து ‘எத்தினை பிள்ளையள் படிச்சவை?’ எண்டு கேட்டால் நான் எங்க போய்த் தலையை வைக்க? அதுதான் பாவிச்ச மாதிரி ஆக்கிறம். என்ன தேய்ச்சும் எழுத்து அழியுதில்லை.”

கனகலிங்கத்துக்குச் சிரிப்பும் வந்தது, அவரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் வந்தது. தன் கதையை முழுக்கச் சொன்னார். விமலேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். பிறகு நிமிர்ந்தார்.

“அப்ப உங்கட கீபோர்ட் ஊத்தையோ?”

“ஊத்தையோ? அதில உழுந்து விதைச்சால் முளைக்கும் பிள்ளை!”

“நான் லைற்றைத் தாறன். நீங்கள் ஊத்தையைத் தாங்கோ. ஆனால் அண்ணை, புதன் பின்னேரம் லைற் இஞ்ச நிக்கோணும். வியாழன் தம்பி வருவார். இஞ்ச பதினெட்டுப் பொம்பிளையளின்ர முகம் இருக்கு.”

“புதன் பொழுதுபடமுன்னம் உங்கட கையில,” என்றார் கனகலிங்கம். அதைச் சொல்கிறபோது அவர் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

ஜெயந்தன் அந்த வீட்டு மேசையிலேயே, கண் இமைக்காமல், பட்டியைக் கழற்றினான். ஞாயிறு பின்னேரம் அதை இங்கே பொருத்தினான். இராசமலர் ஒரு நிமிடம் நின்றார், ஐந்து நிமிடம் நின்றார், அரை மணித்தியாலம் நின்றார். கனகலிங்கம் முன்னால் கதிரை போட்டு இருந்து பார்த்தார். சேலையின் கரையில் சின்னச் சின்ன மாங்காய் இருந்தது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திங்கள் மத்தியானம் செந்தூரன் கொழும்பிலிருந்து அழைத்தான்.

“அங்கிள், திட்டம் கொஞ்சம் மாறிப்போச்சு. புதன் வரேலாது. வியாழன் நேரா பூவரசங்குளம் போய், அப்பான்ர மொனிற்றரைக் கேட்டுக் காரில ஏத்திக்கொண்டு, வெள்ளி உங்களிட்ட வாறன். அப்பாவையும் அம்மாவையும் ஒரு மேசையில பக்கத்தில பக்கத்தில வைச்சுப்போட்டுத்தான் காணி உறுதியில கையெழுத்து வைக்கோணும். நல்லா இருக்கும் என்ன?”

“அருமை தம்பி,” என்றார் கனகலிங்கம்.

தொலைபேசியை வைத்த பிறகு அவர் அந்த அறையை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். நாலு சுவர். ஒரு கதவு. இரண்டு முகம், ஒரு பட்டி. பட்டியைக் கொடுத்தால் வெள்ளிக்கிழமை இராசமலர் இரண்டு செக்கனில் போய்விடுவார், அவரோடு பன்னிரண்டு சன்னலும் போகும். கொடுக்காவிட்டால் வியாழக்கிழமை விமலேஸ்வரி முடிந்தார். காய்ச்சல் என்று படுக்கலாம். பாலம் உடைந்தது என்று சொல்லலாம். கேட்டால் நம்பக்கூடிய பொய்கள் அவரிடம் ஒரு கடகம் நிறைய இருந்தன. ஒவ்வொன்றாகச் சாவிபோல எடுத்துப் பார்த்தார். ஒன்றாவது இந்த அறையின் கதவுக்குப் பொருந்தவில்லை.

எழும்பி, களஞ்சியத்துக்கு நடந்தார். முதல்நாள் பெய்த ஐப்பசி மழை உள்ளுக்குள் கணுக்கால் அளவு நின்றது. பிள்ளைகள் வாங்குகளில் கால் தூக்கி வைத்து இருந்து பாட்டுப் பாட, பத்மாசனி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியால் தண்ணீர் அள்ளி வெளியே ஊற்றினார். கனகலிங்கம் இன்னொரு வாளியை எடுத்தார். அள்ளி ஊற்றிக்கொண்டே, ஒவ்வொரு வாளிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, பதினொரு மாதத்தையும் சொன்னார்.

பத்மாசனி வாளியைக் கீழே வைத்தார். “உதுவும் உங்கட முதலை மாதிரியே?”

“இல்லையப்பா. இது உள்ள நீளம்தான்.”

பிள்ளைகள் பாட்டின் அடுத்த அடியை மறந்து நின்றார்கள். பத்மாசனி அதை எடுத்துக் கொடுத்தார். பிறகு திரும்பாமல் கேட்டார்: “அந்தப் பூவரசங்குளத்துப் பிள்ளையிட்ட எப்ப குடுக்கிறன் எண்டு சொன்னனீங்கள்?”

“புதன்.”

“நாளைக்கே கொண்டுபோங்கோ.”

அவ்வளவுதான். செவ்வாய் விடிய பத்மாசனி இடியப்பமும் சம்பலும் வாழையிலையில் கட்டி மேசையில் வைத்திருந்தார். கனகலிங்கம் முப்பத்திரண்டு வருடத்தில் வாங்கிக் கட்டிய பேச்சுகளை அடுக்கினால் ஆனையிறவுக்கு இன்னொரு பாலம் போடலாம். அந்தப் பேச்சுகளில் ஒன்றையாவது இப்போது தரமாட்டாரா என்று அவர் மனம் ஏங்கியது. செவ்வாயும் புதனும் வியாழனும் பத்மாசனி அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அலுமாரிக் கதவிலிருந்து தாளையும் கழற்றவில்லை.

பட்டியும் ஊத்தைக் கீபோர்ட்டும் பூவரசங்குளம் போய்ச் சேர்ந்தன. ஜெயந்தன் இங்கேயுள்ள பழைய பட்டியில் செத்துப்போன எல்.ஈ.டி.யை விலத்தி, மயிரிழைக் கம்பி ஒன்றால் மற்றவற்றுக்குப் பாலம் போட்டான்.

“எரியும் ஐயா. ஆனால் பக்கத்தில நிக்கிறதுகளும் கருகிப்போய்த்தான் நிக்குதுகள். எவ்வளவு நேரம் எண்டு கேளாதேங்கோ.”

கேட்காமல் பரிசோதித்தார்கள். முதல்தரம் ஒரு மணித்தியாலம் நின்றது. இரண்டாம்தரம் பதினெட்டு நிமிடம். மூன்றாம்தரம் நாற்பது. ஜெயந்தன் இன்னொரு கம்பி வைத்தான். “சூடேற விடாதேங்கோ,” என்றான். “இனிச் சோதிக்கவும் வேண்டாம். இருக்கிற உயிரையும் சோதிச்சே முடிச்சுப்போடுவம்.”

வெள்ளி காலை பத்தரைக்கு நிலையம் நிறைந்திருந்தது. செந்தூரன் நல்ல பிள்ளை. மெலிந்து, முன்தலை வழுக்கை விழுந்து, செருப்பை வாசலில் கழற்றி ஒழுங்காகச் சோடி சேர்த்து வைத்துவிட்டு வந்தான். தகப்பனின் மொனிற்றரையும் கணினிப் பெட்டியையும் தானே தூக்கி வந்து தாயினதுக்குப் பக்கத்தில் வைத்தான். விமலேஸ்வரியும் காரில் கூட வந்திருந்தார். அவர் கனகலிங்கத்தைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தார். இரண்டு பொத்தானும் அமத்தப்பட்டன. இரண்டு முகமும் வந்தன. செந்தூரன் ஒரு பையிலிருந்து, வவுனியாவில் சொல்லிக் கட்டுவித்த இரண்டு மல்லிகை மாலைகளை எடுத்தான். தடித்த மாலைகள். ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் பாரம். தாயின் மாலை மொனிற்றரின் மேலால் விழுந்து, சூடு போகிற ஓட்டைகள் அத்தனையையும் பொத்திக்கொண்டு தொங்கியது.

கனகலிங்கம் மாலையைச் சரிசெய்கிற சாட்டில் இரண்டு விரலால் தூக்கினார். செந்தூரன் அன்போடு அதைத் திரும்பவும் இழுத்து விட்டான்.

பிறகு பேச்சுகள். மங்கள விளக்கு, இறைவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை. எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டத்துக்கு வந்த ஆளைப் பேச விடாமல் அனுப்பினால் அவர் ஏழு வருடத்துக்குக் கதைக்கமாட்டார். ஆகவே எல்லாரும் பேசினார்கள். ஒருவர் யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் காலத்தில் தொடங்கி இருபது நிமிடத்தில் ஒல்லாந்தர் காலம் வரைக்கும்தான் வந்து சேர்ந்தார். கனகலிங்கம் முன்வரிசைக் கதிரையில், ஆணி அடித்தவர்போல, இராசமலரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். வலது பக்கக் கீழ் மூலை மங்குகிறதா? இல்லை. மங்குகிறது. இல்லை. வியர்வை முதுகால் இறங்கி இடுப்பில் தேங்கியது. மல்லிகை சூட்டில் வதங்கி மணத்தது. மற்றவர்கள் அதை முகர்ந்து மகிழ்ந்தார்கள், அவருக்கு மட்டும் அது எரிகிற மணமாக இருந்தது. தலைமையுரைக்கு அவர் எழும்பியபோது, ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது என்று சிலர் சாய்ந்து இருந்தார்கள். அவர் “எல்லாருக்கும் வணக்கம், நன்றி” என்று சொல்லிக் கதிரையில் இருந்துவிட்டார். அவருக்கு ஏதோ உடம்பு வருத்தம் என்று சபை கிசுகிசுத்தது.

நாற்பது நிமிடம். ஐம்பது. நொத்தாரிசு உறுதியை விரித்து, கையெழுத்து இடத்தில் விரலை வைத்தார். செந்தூரன் பேனையைத் திறந்தான். திறந்தவன் நிமிர்ந்தான்.

“எனக்குப் பேசத் தெரியாது. ஒண்டு மட்டும். அம்மா சாகேக்க நான் பக்கத்தில இல்லை. அங்க எனக்கு நித்திரையே வாறேல்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கிள்ர படம் வரும். ‘அம்மா சுகமாக இருக்கிறா’ எண்டு எழுதியிருப்பார். அதைப் பாத்தாப்பிறகு, அண்டைக்கு மட்டும் வடிவா நித்திரை கொள்ளுவன்.” அவன் தாயின் பக்கம் திரும்பினான். “அவ்வளவுதான்.”

பேனை தாளுக்கு இறங்கியது.

“தம்பி, பொறுங்கோ,” என்றார் கனகலிங்கம்.

அவர் எழும்பி நின்றிருந்தார். எப்போது எழும்பினார் என்று அவருக்கே தெரியாது. “அம்மா சுகமாக இருக்கேல்லைத் தம்பி. பதினொரு மாசமா இருட்டுக்கதான் இருந்தவா. ரெண்டு செக்கன்தான் எரியும். அதுக்குள்ள நான் படம் எடுத்து அனுப்பினனான். இப்ப எரியிறதும் ஒட்டுவேலை. எந்த நேரமும் நிண்டுபோம்.”

சபை அவரைப் பார்த்தது. பிறகு மொனிற்றரைப் பார்த்தது. இராசமலர் மயில்நீலச் சேலையில், கரையின் மாங்காய் எண்ணக்கூடிய வெளிச்சத்தில், பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் யாரோ, “முதலை வெளிக்கிட்டிட்டுது டோய்!” என்றார்கள். சிரிப்பு வெடித்தது. செந்தூரனும் சிரித்தான். “அங்கிளின்ர பகிடி!” என்று அவர் முதுகில் தட்டினான்.

“பகிடியில்லைத் தம்பி, சத்தியமா...”

அவர் சத்தியம் பண்ணப் பண்ணச் சிரிப்பு கூடியது. நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கனகலிங்கம் மொனிற்றரைப் பார்த்து, நிண்டுபோ அம்மா, ஒருக்கா நிண்டுபோ என்று மனதுக்குள் கெஞ்சினார். கெஞ்சிய அதே கணம் அலுமாரிக் கதவின் பன்னிரண்டு சன்னலும் நினைவில் வர, ஐயோ நிண்டுபோகாதை என்று மாற்றிக் கெஞ்சினார்.

“தம்பி,” என்று ஒரு குரல் கேட்டது. பெரிய குரல் இல்லை; முப்பத்தொரு பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல். வாசலோரம் பிள்ளைகளோடு நின்ற பத்மாசனி இரண்டடி முன்னால் வந்தார். “இவர் சொல்லுறது உண்மை.”

சிரிப்பு கதவுக்கு வெளியே போய்விட்டது. செந்தூரன் பத்மாசனியைப் பார்த்தான், அவருக்குப் பின்னால் வரிசையாக நின்ற பிள்ளைகளைப் பார்த்தான், உறுதியைப் பார்த்தான். விமலேஸ்வரி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பச் சுற்றினார். செந்தூரன் பேனையை மூடினான். பையில் வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டான். ஒரு கதிரையை இழுத்து, தாயின் திரைக்கு நேர் முன்னால் போட்டு இருந்தான்.

“அப்ப பாப்பம்,” என்றான்.

கோபமா, ஆறுதலா, அவனுக்கே தெரியாததா, அந்தக் குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. அவன் இருந்ததால் நின்றவர்கள் எல்லாரும் இருந்தார்கள். நொத்தாரிசு உறுதி பறக்காமல் கையை வைத்துக்கொண்டு இருந்தார். சங்கிலியன் காலத்தவரும் இருந்தார். பிள்ளைகள் கால் கடுத்து, ஒவ்வொருவராக உள்ளே வந்து, சீமெந்து நிலத்தில் சப்பணம் கட்டி இருந்தார்கள். வெளியே மழை கூரைத் தகரத்தில் முதலில் எண்ணி எண்ணி விழுந்தது, பிறகு எண்ணாமல் விழுந்தது. இனி ஒருவரும் எங்கேயும் போகவும் முடியாது.

பத்மாசனி ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, கனகலிங்கத்துக்குப் பக்கத்தில் வைத்து இருந்தார். “கொஞ்சம் அரக்குங்கோ,” என்றார்.

அவர் அரங்கி இடம் விட்டார். ஊர் முழுக்க இராசமலரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மல்லிகை மாலையிலிருந்து ஒரு பூ வதங்கிக் கழன்று, திரையின் வெளிச்சத்துக்குக் குறுக்கால் மெல்ல வழுக்கி, சிவப்பு எழுத்தில் தட்டி, மேசையில் விழுந்தது. செந்தூரனின் பேனை வைத்திருந்த கை அதை எடுக்க நீண்டது, பாதியில் நின்றது; அவன் கண் திரையை விட்டு எடுபடவில்லை, இராசமலர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.